நேராகப் பார்த்துச் சொன்ன பதில்

அந்தப் பயிற்சியில் எங்களுக்குக் காட்டிய படங்களில் ஒலி இருக்காது. ஒரு மேசை, அதன் பின்னால் நேர்காணலுக்கு வந்த யாரோ ஒருவர். அவர் வாய் அசையும், கைகள் அசையும், நமக்கு ஒன்றும் கேட்காது. இவர் சொல்வது உண்மையா பொய்யா என்று பயிற்சியாளர் கேட்பார். நாங்கள் கை தூக்க வேண்டும்.

ஹெப்பாளில் ஒரு நிறுவனத்தில் ஆளெடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் அந்தப் பயிற்சி கட்டாயம். பேசும்போது வாயை மறைக்கிறாரா, கழுத்தைத் தொடுகிறாரா, கால் விரல்கள் வாசல் பக்கம் திரும்பியிருக்கின்றனவா, கேள்வி வந்ததும் கண் கீழே போகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். நான் பெரும்பாலும் சரியாகவே சொன்னேன். அப்போது எனக்கு நான்காவது மாதம். குமட்டல் தாங்காமல் அடிக்கடி எழுந்து வெளியே போனேன். திரும்பி வரும்போதெல்லாம் வேறொரு படம் ஓடிக்கொண்டிருக்கும். இடையில் என்ன சொன்னார்கள் என்று யாரையும் கேட்கவில்லை. பொதுவாக அப்படி விட மாட்டேன். அன்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது சிரித்தார். "இனிமே நான் லேட்டா வந்தா மூக்கத் தொடக்கூடாது போல."

மகள் பிறந்து, விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. என் அம்மாவால் வர முடியாது. மாமியாருக்கு முழங்கால் வலி. மகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். கைபேசியைத் திறந்தால் ஆயாக்கள் குழந்தைகளை அடிக்கும் காட்சிகளாக வந்து விழும். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கடைசி வரை பார்ப்பேன்.

எங்கள் சர்ச்சுக்கு வரும் நர்ஸ் அக்கா ஒருவர்தான் ஒரு பெண்ணை அனுப்பினார். கோபிநத்தம் காட்டுப் பக்கத்துப் பெண், தமிழ் பேசுவாள் என்றார். அந்தத் தமிழுக்கு ஆசைப்பட்டேன். விஜயநகரில் எங்கள் தெருவில் மகளுக்குத் தமிழ் காதில் விழ வேறு வழியில்லை. நாங்களே பாதி நேரம் கன்னடத்தில்தான் சண்டை போடுவோம்.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். மகள் அழுதால் கவனம் சிதறும் என்று கணவரை மகளுடன் உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக உட்கார வைத்தேன். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்தால் கால் தெரியாது.

"இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?"

"சரஸ்வதிபுரத்துலங்க அக்கா. படுத்த படுக்கையா ஒரு பெரியம்மா இருந்தாங்க. அவங்களப் பாத்துக்கிட்டேனுங்க." இதைச் சொல்லும்போது அவள் வலது கை வாயை மறைத்தது. கண் தரையில்.

"ஏன் விட்டுட்டீங்க?"

"தவறிட்டாங்கங்க."

"எப்போ?"

"வெயில் காலத்துலங்க." கால் விரல்கள் வாசலைப் பார்த்திருந்தன.

வீடு எங்கே என்று கேட்டேன், கண் தரையில். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டேன், தொழிற்சாலை வாசலில் லோடு இறக்குகிறார் என்றாள், அதுவும் தரையைப் பார்த்து. பஸ்ஸில் வருவீர்களா என்று கேட்டதற்கு, "நடந்தே வந்துருவேனுங்க" என்று அவசரமாகச் சொல்லிக் கழுத்தைத் தொட்டாள். எங்கள் படத்தில் வந்தவர்களெல்லாம் இவள் ஒருத்தியிடமே இருப்பது போல் இருந்தது.

"உங்களுக்குக் குழந்தை இருக்கா?"

அப்போதுதான் முதல் முறையாக முகத்தை நிமிர்த்தினாள். கை மடிக்கு இறங்கியது. என் கண்ணையே பார்த்தாள்.

"இருக்குதுங்க அக்கா. பொட்டப்புள்ளைங்க. ஒன்றரை வயசு. ஊர்ல எங்கம்மா பாத்துக்கறாங்க."

ஒரே மூச்சில், தடுமாறாமல்.

அவள் போன பிறகு கணவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "என்ன, செலக்ட்டா?"

"எனக்கு என்னமோ சரியாப் படலை. எதைக் கேட்டாலும் தரையப் பாக்கறா. குழந்தை இருக்குன்னு சொன்னது மட்டும்தான் நிஜம்னு தோணுது."

"நம்ம பொண்ணப் பாத்துக்க அது ஒண்ணு போதாதா? பிடு, விட்டுத் தள்ளு, உனக்கு எல்லாத்துலயும் டவுட்டு."

நர்ஸ் அக்காவிடம் எண் வாங்கிச் சரஸ்வதிபுரம் வீட்டுக்குப் பேசினேன். பெரியம்மா இறந்தது உண்மை. கோடையில் என்பதும் உண்மை. கடைசி வரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள் என்று அந்த வீட்டு மருமகள் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவளை வேலைக்கு எடுத்தது அந்த நற்சான்றால் இல்லை. என்னைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு பதிலால்தான். பிள்ளை பெற்றவள், தன் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது மட்டும் முகம் நிமிர்கிறது. அதை விட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

பழகிய பிறகு ஒரு நாள் கேட்டேன், அன்றைக்கு ஏன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று. துணி மடித்துக்கொண்டே சிரித்தாள். "எங்க ஊர்ப் பக்கம் அப்படித்தானுங்க. கேள்வி கேக்கப் போலீசு ஆளுங்க வந்தா தலையத் தூக்கக் கூடாதும்பாரு எங்கப்பாரு. பாத்தா 'என்ன மொறைக்கற'ம்பாங்களாம். நீங்க வேற மேசையெல்லாம் போட்டு ஒக்காந்துட்டீங்க, எனக்குக் கை காலெல்லாம் ஒதறிப்போச்சு." நானும் சிரித்தேன்.

மகள் அவளிடம் ஒட்டிக்கொண்டாள். காலையில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே என் இடுப்பில் இருந்து தாவுவாள். எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. மகளுக்கு முதலில் வந்த சத்தமே 'ங்க' மாதிரிதான் இருந்தது. "பாரு, பெத்தவங்களுக்கே மரியாதை குடுக்குது" என்றார் கணவர்.

அவள் தன் மகளைப் பற்றி நிறையச் சொல்வாள். "எங்க பாப்பாவும் இப்படித்தானுங்க, தலை தொவட்ட விடாது." "எங்க பாப்பாவுக்கு ராகி சரிக் கூழுன்னா உசுரு." மாலையில் நான் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி ஓடி வரும்போது இதில் ஏதாவது ஒன்று காத்திருக்கும். அவள் குழந்தை ஊரில் பாட்டியிடம், என் குழந்தை அவள் மடியில். இதை நினைத்தால் சாப்பாடு இறங்காது. அதனால் ஏதாவது கொடுத்துக்கொண்டே இருந்தேன். தசராவுக்கு ஒரு கவுன், ஒரு ஜோடி செருப்பு. அடுத்த வாரம் கேட்பேன், பாப்பாவுக்குப் பிடித்ததா என்று. என்னை நேராகப் பார்ப்பாள். "போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சுத்துச்சாமுங்க." எனக்கு அன்று முழுவதும் மனம் லேசாக இருக்கும்.

தசரா விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். "பஸ்ஸுல போக முடியலீங்க அக்கா" என்றாள், தரையைப் பார்த்து. சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

டிசம்பரில் அலுவலகத்தில் அதே பயிற்சியை மறுபடி நடத்தினார்கள். இந்த முறை நடுவில் எழுந்து போக எனக்குக் காரணம் இல்லை. மூக்கு, வாய், கால், கண் எல்லாம் முடிந்த பிறகு பயிற்சியாளர் சொன்னார், இவை எதுவும் தனியாக ஒன்றும் சொல்லாது என்று. முதலில் ஊர், வந்த வழி என்று பொய் சொல்லத் தேவையில்லாத கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்த மனிதர் இயல்பாக எப்படி இருக்கிறார் என்று பார்த்துவைக்க வேண்டும். சிலர் பிறந்ததில் இருந்தே தரையைப் பார்த்துப் பேசுபவர்கள். அந்த இயல்பு எந்தக் கேள்வியில் மாறுகிறதோ, அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும்.

பக்கத்தில் இருந்தவர்கள் தேநீருக்கு எழுந்து போனார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஏதோ ஒன்று உறுத்தியது. என்ன என்று அப்போது பிடிபடவில்லை. அல்லது பிடிபட்டதைத் தள்ளி வைத்தேனோ என்னவோ.

அன்று மாலை மகளை அவளிடமே விட்டுவிட்டு, கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கக் கணவரும் நானும் கடைக்குப் போனோம். மகளுக்கு எடுத்தாயிற்று. அவளுடைய மகளுக்கு ஒரு சிவப்புக் கவுன் எடுத்தேன். "மகுவிகெ எஷ்டு வயசு மேடம்?" என்று குழந்தையின் வயதைக் கேட்டார் கடைக்காரர். அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"உங்க பாப்பாவுக்கு இப்ப என்ன வயசு? துணி எடுக்கறேன், சைஸ் சொல்லணும்."

"எதுக்குங்க அக்கா..." என்றாள். பிறகு, "ஒன்றரைங்க."

கடைக்காரர் அந்த அளவில் எடுத்துக் கொடுத்தார். பணம் கட்டிவிட்டு, வண்டியில் கணவருக்குப் பின்னால் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. மழை தொடங்கும் நாளில் அவள் வேலைக்கு வந்தபோதும் ஒன்றரை. இப்போது பனி விழுகிறது. இப்போதும் ஒன்றரை.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. குழந்தையே இல்லையா? இல்லாத குழந்தையை ஏன் சொன்னாள்? அந்தத் துணியெல்லாம் எங்கே போயிற்று? பகல் முழுவதும் என் மகள் யாருடைய மடியில் இருக்கிறாள்? கணவரிடம் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மறுபடியும் டவுட்டா என்பார்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை, அவளுக்கு அரை நாள் வேலை. கணவர் வண்டியைச் சர்வீசுக்கு விடப் போயிருந்தார். அவள் சாப்பாட்டு மேசையில் மகளை மடியில் வைத்து ராகி சரி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். சொல்லிக் கொடுத்த வரிசையில் தொடங்கினேன்.

"ஊர்ல மழை உண்டா?"

"இல்லீங்க." கண் கிண்ணத்தில்.

"உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு வேலைக்குப் போயிருக்காரா?"

"போயிருக்காருங்க." கண் கிண்ணத்தில்.

"உங்க பாப்பாவுக்குப் பிறந்தநாள் எப்போ வருது?"

முகம் நிமிர்ந்தது. என் கண்ணைப் பார்த்தாள். இத்தனை மாதம் எனக்கு ஆறுதலாக இருந்த பார்வை.

"மார்கழிங்க அக்கா."

"அப்போ இந்த மாசம் ரெண்டு முடியுது இல்ல?"

அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கரண்டியைப் பிடித்து இழுத்தாள். பிறகு அவள் கண் மெதுவாகக் கீழே இறங்கியது. கரண்டிக்கும் கீழே, தரைக்குப் போயிற்று.

"ரெண்டு முடியாதுங்க" என்றாள். "அதுக்கு எப்பவும் ஒன்றரைதானுங்க."

நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். காய்ச்சல். ஊர் வைத்தியத்துக்கு அடங்கவில்லை. கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப் பஸ் ஏறினார்கள். ஜன்னலோர இடம் கிடைத்தது. "அழுதுக்கிட்டே வந்துச்சுங்க. அப்பறம் அழுகய நிறுத்திருச்சு. தூங்குதுன்னு நெனச்சனுங்க. எந்திரிச்சுரப் போகுதுன்னு ஆடாம அசையாம ஒக்காந்துட்டு வந்தனுங்க." கொள்ளேகாலில் இறங்கும்போதுதான் தெரிந்ததாம்.

மகள் அவள் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"மொதல்ல ரெண்டு வீட்டுல நெசத்தச் சொன்னனுங்க. போன் பண்றோம்னாங்க. பண்ணல. புள்ளைய வாரிக் குடுத்தவ கையில யாருங்க புள்ளையக் குடுப்பாங்க? அப்பறம் கொஞ்ச நாள் அந்தப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அங்க யாரும் கேக்கல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்கு வரும்போது எங்க வீட்டுக்காரருதான் சொன்னாரு. டவுன்காரங்க கண்ணப் பாத்துச் சொன்னாத்தான் நம்புவாங்க, தரையப் பாத்தா பொய்யும்பாங்க, அந்த ஒண்ண மட்டுமாச்சும் மூஞ்சியப் பாத்துச் சொல்லுன்னாரு. நடந்து வர்றப்ப வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தனுங்க."

"நான் குடுத்த துணியெல்லாம்?"

"பொட்டியில இருக்குதுங்க. யாருக்கும் குடுக்கல."

அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. "அதனால என்ன? நீங்க எப்பவும் போல வாங்க. நான் ஒண்ணும் தப்பா நினைக்கலை" என்றேன். குரல் நடுங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். சொன்னது மனதாரச் சொன்னதுதான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் சொல்லி முடித்தபோது மகள் என் கையில் இருந்தாள்.

எப்போது எழுந்தேன், எப்போது மேசையைச் சுற்றிப் போனேன், எப்படி அவள் மடியில் இருந்து தூக்கினேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் கையில் கூழ் நிறைந்த கரண்டி அப்படியே நின்றது. தன் மடியைப் பார்த்தாள். என் கைகளைப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கிண்ணத்தில் வைத்து, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

உடனே பின்னாலேயே போய் மகளை அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் எடுத்தது எடுத்ததுதான்.

கிறிஸ்துமஸ் போயிற்று. அந்தச் சிவப்புக் கவுனை என்ன செய்வது என்று தெரியாமல் அலமாரியில் என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். கொடுத்தாலும் தப்பு, கொடுக்காவிட்டாலும் தப்பு. அவளும் கேட்கவில்லை. 'எங்க பாப்பா' என்ற பேச்சே எங்கள் வீட்டில் நின்றுபோனது. நான் மனதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்: காய்ச்சலுக்கு அவள் என்ன செய்வாள், எந்தத் தாய்க்கும் நடக்கும், நீ படித்தவள். அலுவலகத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை பையைத் தேடும். மதிய இடைவேளையில் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருவேன்.

"சார்ஜர் மறந்துட்டேன்" என்பேன், காதைத் தடவிக்கொண்டு. மற்றொரு நாள் வேறு ஏதோ மறந்திருக்கும்.

அப்படி ஒரு மதியம் வந்தபோது மகள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அசைவே இல்லை. குனிந்து மூக்குக்கு அடியில் விரலை வைத்தேன். மூச்சு சூடாக வந்தது. நிமிர்ந்தால் அவள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பத்தான் பாத்தனுங்க அக்கா" என்றாள் மெதுவாக. "நானும் வெரல வெச்சு வெச்சுப் பாத்துக்கிட்டேதான் இருக்கறனுங்க. எப்பவுமே அப்படித்தானுங்க."

நான் சார்ஜரை எடுக்காமலே திரும்பிப் போனேன்.

பொங்கல் முடிந்த வாரம், வேலை முடித்துக் கிளம்பும்போது வாசலில் நின்றாள். என் கண்ணைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியலீங்க. ஊர்ல வந்து இருன்னு சொல்றாங்க. நாளையில இருந்து வர முடியாதுங்க அக்கா."

ஒரே மூச்சில், தடுமாறாமல். வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருப்பாள்.

கணவர் பின்னால் இருந்து, "அடடா, என்னாச்சும்மா? சரியானதும் வந்துடுவீங்க இல்ல?" என்றார். அவர் நம்பினார். இயல்பு எங்கே மாறுகிறதோ அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் நிறுத்தவில்லை. கேட்டால் அவள் கண்ணைத் தாழ்த்தி உண்மையைச் சொல்லியிருப்பாள். அந்த உண்மை என்னைப் பற்றியதாக இருந்திருக்கும்.

கணவர் தனக்குப் போன் வர, உள்ளே போனார். அவள் செருப்பை மாட்டினாள். எனக்கு அவளை அப்படியே அனுப்ப முடியவில்லை.

"உங்க பாப்பா எப்படி இருப்பா?" என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் அளவு கேட்டிருக்கிறேன், வயது கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை.

அவள் தரையைப் பார்த்தாள்.

"கருப்புதானுங்க, என்னாட்டம். கண்ணு பெருசு. அப்பத்தான் நடக்கக் கத்துக்கிச்சு. நடக்கத் தெரியுமே ஒழிய நிக்கத் தெரியாதுங்க. நேராப் போயிச் செவுத்துல முட்டித்தான் நிக்கும். முட்டிட்டு, செவுத்த ஒரு அடி அடிக்கும்." கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

உள்ளே இருந்து மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இவளும் அந்த வாரம்தான் நடக்கத் தொடங்கியிருந்தாள். என்னைத் தாண்டிப் போய் அவள் சேலையைப் பிடித்து, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் உயர்த்தினாள்.

அவள் குனியவில்லை.

"எடுத்துக்கோங்க" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போய் இறுகக் கோத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் குனிந்து என் மகளைத் தூக்கினாள்.